பழைய இந்தோனேசியச் சண்டைப் படங்களில் லஞ்ச அதிகாரி எங்கே போனான்?

ஊழல் செய்தி இல்லாமல் ஒரு மாதம் கழிவதே அரிதான நாடு இந்தோனேசியா. அப்படியிருக்க, 1970களிலும் 80களிலும் அங்கே வந்து குவிந்த சண்டைப் படங்களில் லஞ்சம் வாங்கும் அமைச்சரோ பங்கு கேட்கும் ஜெனரலோ ஏன் தலைகாட்டுவதில்லை, வில்லன் ஏன் பெரும்பாலும் டச்சுக்காரனாகவோ மந்திரவாதியாகவோ இருக்கிறான் என்பது இங்கே கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. சுருக்கமான விடை இதுதான்: லஞ்ச அதிகாரி அந்தப் படங்களில் இருக்கத்தான் செய்கிறான். நிகழ்காலத்தில் நிற்கத் தணிக்கை அவனுக்கு இடம் தராததால், நூறு ஆண்டு பின்னால் போய், டச்சு ஆட்சிக் காலத்து உடையில் நிற்கிறான். அந்தப் படங்களை மலிவுச் சரக்கு என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சி பித்துங். இன்றைய ஜகார்த்தா அப்போது பத்தாவியா. அந்த வட்டாரத்தில் 1892, 1893 ஆண்டுகளில் போலீசுக்குத் தண்ணி காட்டிய கொள்ளையன் அவன். சிறையிலிருந்து தப்பி, கடைசியில் ஹின்னெ என்ற டச்சுப் போலீஸ் அதிகாரியின் ஆட்களால் 1893-இல் சுட்டுக் கொல்லப்பட்டான். செய்தித்தாள்களுக்கு அவன் கொள்ளையன்தான். பத்தாவியாவின் பூர்வகுடிகளான பெத்தாவி மக்களின் வாய்மொழிக் கதையிலோ, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன், தொழுகை தவறாதவன், சாதாரணத் தோட்டா துளைக்காத உடம்பு படைத்தவன். அவனைச் சாய்க்கத் தங்கத்தில் தோட்டா வார்க்க வேண்டியிருந்ததாம். நாவி இஸ்மாயில் இயக்கத்தில் டிக்கி சுல்கர்நாயன் நடித்து 1970-இல் வந்த 'சி பித்துங்' படம் இந்த வாய்மொழிக் கதையைத்தான் நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. தொடர்ந்து பித்துங்கை வைத்தே அடுத்தடுத்துப் படங்கள் வந்தன.

பித்துங் கதையில் அநியாயம் எந்த உருவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பத்தாவியாவைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதி அன்று தனியார் பண்ணைகளாக இருந்தது. அரசு விற்றுவிட்ட நிலம் அது. நிலத்தோடு சேர்த்து அதில் வாழ்ந்த குடிகள்மீதான அதிகாரமும் கைமாறியிருந்தது. 'துவான் தானா' என்று அழைக்கப்பட்ட பண்ணையார் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு எடுப்பார். கூலியில்லா வேலையும் வாங்குவார். அதை வசூலிக்க 'மன்டோர்' என்ற மேஸ்திரி, அடிக்க 'சென்டெங்' என்ற அடியாள், கண்டுகொள்ளாமல் இருக்க 'டெமாங்' என்ற உள்ளூர் அதிகாரி, எல்லோருக்கும் மேலே வெள்ளைக்காரன். திரையில் டச்சு அதிகாரிக்கு வரும் காட்சிகளைவிட இந்த நடுப்படி ஆட்களுக்கு வரும் காட்சிகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கொடுமையைச் செய்கிறவன் பெரும்பாலும் பார்வையாளனின் மொழி பேசுகிறவன், அவன் ஊர்க்காரன். மேலே இருப்பவனுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறவன். குடியானவன் கொண்டுவந்து வைப்பதற்கு இந்தோனேசிய மொழியில் 'உபெத்தி' என்று பெயர், அதாவது கப்பம். இன்றைய செய்தித்தாளில் கீழ் அதிகாரி மேல் அதிகாரிக்குக் கட்டும் மாமூலைக் குறிக்கவும் இதே சொல்தான் வருகிறது. மொழி இரண்டு காலத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்வையாளனும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.

நம் கதைப்பாடல்களில் கிழக்கிந்தியக் கம்பெனி 'கும்பினி' ஆனது போலவே, அங்கே டச்சுக் கம்பெனி 'கும்பெனி' ஆனது. அந்தக் கம்பெனி 1799 டிசம்பர் 31 அன்று கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அதன் ஊழியர்களின் களவும் தனி வியாபாரமும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதால், அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளான VOC-ஐ 'ஊழலால் அழிந்தது' என்று டச்சு மொழியிலேயே விரித்துச் சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. ஆக, 'கும்பெனி' என்ற சொல்லைத் திரையில் கேட்கும் இந்தோனேசியனுக்கு அடக்குமுறை மட்டும் நினைவுக்கு வருவதில்லை, களவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

அடுத்தது ஜக்கா செம்புங். ஜாயிர் என்ற சித்திரக்கதைக் கலைஞர் 1960களின் இறுதியில் உருவாக்கிய பாத்திரம். சிலாட் என்ற உள்ளூர்ச் சண்டைக்கலையில் தேர்ந்தவனும் சிரெபோன் பகுதியைச் சேர்ந்தவனுமான பார்மின் டச்சுக்காரரை எதிர்த்துக் கிளம்பும் கதை. 1981-இல் சிஸ்வோரோ கௌதாமா புத்ரா இயக்கத்தில் படமானது. கதாநாயகன் பாரி பிரிமா. டச்சுக்காரரை வெட்டிச் சாய்க்கும் அந்த நாயகனாக நடித்தவரே ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியில் வந்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த வகைப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு மந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ராவா ரொன்டெக்' என்று பெயர். இதைக் கற்றவனின் தலையை வெட்டினாலும், துண்டான உடம்பு மண்ணைத் தொட்டுவிட்டால் போதும், மறுபடி ஒட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். அவனைக் கொல்ல ஒரே வழி, வெட்டுண்ட உடம்பை மண்ணில் படாமல் தொங்கவிடுவது. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் ரப்பர் தலையையும் சாயம் போன ரத்தத்தையும் பார்த்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதவியிலிருந்து இறக்கப்பட்டவன் ஆறே மாதத்தில் வேறொரு பதவியில் வந்து உட்காருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மக்களுக்கு, தான் நிற்கும் மண்ணிலிருந்தே உயிர் எடுத்துக்கொள்ளும் இந்த வில்லனைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

இந்தப் படங்கள் மக்களிடம் போய்ச் சேர்ந்த விதத்தையும் கண்முன் கொண்டுவர வேண்டும். நகரத்துத் திரையரங்குகளில் ஓட்டம் முடிந்த பிரதிகள் கிராமத்துக்கு 'லாயார் தன்சாப்'பாக வரும். அதாவது நட்டுவைத்த திரை. அறுவடை முடிந்த வயலிலோ ஊர்த் திடலிலோ இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். கல்யாண வீட்டுக்காரரோ நாட்டு மருந்துக் கம்பெனியோ சிகரெட் கம்பெனியோ செலவை ஏற்றுக்கொள்ளும். டீசல் ஜெனரேட்டர் ஒருபக்கம் உறுமிக்கொண்டிருக்க, பாய் விரித்துக் குடும்பத்தோடு உட்காருவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்பக்கம் போய் உட்காருவார்கள். அவர்களுக்கு எல்லாமே இடம் வலமாகத் தெரியும், நாயகன் இடக்கையால் 'கோலோக்' என்ற வெட்டுக்கத்தியை வீசுவான். அந்தக் கூட்டத்தில் ஊர்த்தலைவரும் இருப்பார், அவரிடம் சான்றிதழுக்குப் பணம் கொடுத்தவரும் இருப்பார். டெமாங் அடி வாங்கும் காட்சியில் இருவருமே கைதட்டத் தடையில்லை, ஏனென்றால் திரையில் ஓடுவது டச்சுக்காரன் காலத்துக் கதை.

கதைகளுக்கு அந்தக் காலத்து வேடம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அரசியல் காரணம் தெளிவானது. 1960களின் நடுவில் நடந்த பெரும் படுகொலைகளின்மேல் எழுந்த, ராணுவ ஜெனரல் சுஹார்த்தோவின் 'புதிய ஒழுங்கு' ஆட்சி 1998 வரை நீடித்தது. திரைக்கதையைத் தகவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே படப்பிடிப்புக்குப் போக முடியும். படம் முடிந்தபின் தணிக்கை வாரியத்திடம் மறுபடி போக வேண்டும். 1981-இல் தயாரிப்புக்கென்று ஒரு நெறிமுறையும் வகுக்கப்பட்டது. அரசையும் சட்டத்தையும் காக்கிறவர்களின் மதிப்பைக் குறைக்கும் காட்சிக்கு அங்கே இடமில்லை. எங்கே கோடு கிழிக்கப்பட்டிருந்தது என்பதைச் சண்டைப் படங்களுக்கு வெளியே உள்ள மூன்று படங்கள் துல்லியமாகக் காட்டுகின்றன.

1973-இல் சுமன் ஜாயா எடுத்த 'சி மமத்' ஓர் எளிய ஆவணக் காப்பக எழுத்தரைப் பற்றியது. பிள்ளைகள் பெருகிய வீட்டில் சம்பளம் போதாமல் அலுவலகத்துச் சின்னப் பொருள்களைத் திருடி விற்கிறார். அந்தக் குற்ற உணர்வே அவரைத் தின்றுவிடுகிறது. அவருடைய மேலதிகாரியோ எந்த உறுத்தலும் இல்லாமல் வாழ்கிறார். சின்னவனின் மனசாட்சி கதையின் நடுவில் இருந்ததால் இந்தப் படம் பிழைத்தது என்பது என் கணிப்பு. அரிஃபின் நூர் 1970களின் பிற்பகுதியில் எடுத்த படத்துக்கு 'ஊழல்காரர்கள்' என்றே பெயர் வைத்திருந்தார். அது தணிக்கையில் பல ஆண்டுகள் முடங்கி, 'சாகசக்காரர்கள்' என்று பெயர் மாறி 1984-இல்தான் வெளியே வந்தது. மூன்றாவது, 1976-இல் டச்சுக்காரர்களும் இந்தோனேசியர்களும் சேர்ந்து எடுத்த 'மாக்ஸ் ஹவெலார்'. 1860-இல் வெளிவந்த புகழ்பெற்ற டச்சு நாவல் அதன் மூலம். லெபாக் என்ற மாவட்டத்தில் ஜாவானியப் பிரபு ஒருவரே தன் குடிகளின் எருமைகளைப் பறிப்பதையும், டச்சு நிர்வாகம் அதைத் தெரிந்தே மூடி மறைப்பதையும் சொல்லும் கதை. இந்தோனேசியத் தணிக்கை இதை 1987 வரை வெளியிட விடவில்லை. காலனிக் காலத்து வேடம் இந்தப் படத்துக்கும் இருந்ததே, பிறகு ஏன்? சண்டைப் படத்தில் டெமாங் வெள்ளைக்காரனின் கைக்கூலி, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் விழுந்தால் அவனும் விழுவான். இந்தப் படத்திலோ சுரண்டல் உள்ளூர் அதிகாரத்தின் பழக்கமாகவே இருக்கிறது, வெள்ளைக்காரன் போனாலும் அது போகாது. அந்த வித்தியாசத்தைத் தணிக்கை அதிகாரிகள் விமரிசகர்களைவிட நன்றாகவே கண்டுகொண்டார்கள்.

நிகழ்கால ஜகார்த்தாவில் நடக்கும் சண்டைப் படங்களுக்கு வேறு வழி பிடிக்க வேண்டியிருந்தது. 1980களின் நடுவில் ராபி ஃபில்ம்ஸ், பார்கிட் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுச் சந்தைக்காகவும் படம் எடுத்தன. இவற்றை நடத்தியவர்கள் சிந்தி வம்சாவளியினர். பீட்டர் ஓ'பிரையன் என்ற நியூசிலாந்துக்காரர் இவர்கள் படங்களில் திடீர் நட்சத்திரமானார். வெள்ளைக்கார நாயகன் ஜகார்த்தாவின் கிடங்குகளில் போதைக் கும்பலை அடித்து நொறுக்குவான். அந்தக் கும்பலுக்குத் துறைமுகத்தில் சரக்கு எப்படி இறங்கியது, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்வியைக் கதை கேட்காது. படம் முடியும் தறுவாயில் போலீஸ் வண்டிகள் வரும், விலங்கு மாட்டப்படும். எல்லாம் முடிந்தபின் வரும் போலீஸ் என்பது இந்தோனேசியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் விஷயம். திரைக்கதை ஆசிரியருக்கோ அது ஒரு கட்டாயம்: நாயகன் எவ்வளவு அடித்தாலும், நீதியைக் கடைசியில் அரசின் கையில்தான் ஒப்படைத்தாக வேண்டும்.

இந்த மறைமுகப் பேச்சுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. பத்தாவியாப் பண்ணையார்களில் டச்சுக்காரரும் இருந்தார்கள், சீனரும் இருந்தார்கள். திரையில் கந்துவட்டிக்காரனும் பண்ணையாரும் சீனச் சாயலில் வருவது எளிதாக நடந்தது. சுஹார்த்தோ ஆட்சியில் ஜெனரல்களோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்திய சீன முதலாளியை 'சுகோங்' என்றார்கள். அந்தக் கூட்டில் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்மேல் கை வைக்க முடியாத கோபம், எந்தக் கூட்டிலும் இல்லாத சின்னச் சீனக் கடைக்காரர்மேல் இறங்கியது. 1998 மே மாதம் ஜகார்த்தாவிலும் சோலோவிலும் சீனர் கடைகள் எரிந்தன, பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். இதற்கு இரண்டு மணி நேரச் சண்டைப் படங்களைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் உண்மையான குற்றவாளியின் முகத்தைக் காட்டத் தடை இருக்கும் இடத்தில், கைக்கு எட்டிய முகம் ஒன்று அவன் இடத்தில் வைக்கப்படுகிறது என்பதை மறைக்கவும் எனக்கு மனமில்லை.

இன்னொரு முரணையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். திரையில் நல்ல கொள்ளையன் குண்டு துளைக்காத உடம்போடு வந்துகொண்டிருந்த அதே 1983 முதல் 1985 வரையான ஆண்டுகளில், தெருவில் ரவுடிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டு, பிணங்கள் எல்லோரும் பார்க்கும்படி வீதியில் வீசப்பட்டன. 'மர்மத் துப்பாக்கிச்சூடு' என்பதன் சுருக்கமாக அதற்குப் 'பெத்ருஸ்' என்று பெயர். பச்சை குத்தியவர்கள் பயந்து தோலைச் சுட்டு அதை அழித்துக்கொண்டார்கள். சுஹார்த்தோ தன் தன்வரலாற்றில் இதை அதிர்ச்சி வைத்தியம் என்று ஒப்புக்கொண்டார். சந்தையில் கப்பம் வாங்கிய தெருத்திருடனுக்குத் துப்பாக்கி. அமைச்சகத்தில் கப்பம் வாங்கியவனுக்குப் பதவி உயர்வு.

இதுவரை சொன்னது படங்களுக்குள் இருந்த ஊழல். படங்களையே சாகடித்த ஊழல் வேறு, அதைப் பற்றித்தான் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

சுட்விகத்மோனோ என்பவர் சுஹார்த்தோவின் ஒன்றுவிட்ட சகோதரர். சிறுவயதில் சுஹார்த்தோ வளர்ந்தது இவர் வீட்டில்தான். நாட்டின் மிகப் பெரிய பணக்காரரான லிம் சியோ லியோங்கோடு சேர்ந்து மாவு ஆலையிலும் சிமென்ட் ஆலையிலும் கூட்டாளியாக இருந்தவர். இவருடைய குழுமம் படங்களை இறக்குமதி செய்யும் உரிமையில் கால்வைத்து, 1987-இல் ஜகார்த்தாவின் தம்ரின் சாலையில் 'ஸ்டூடியோ 21' என்ற பல திரை அரங்கைத் திறந்தது. குளிர்சாதனம், மெத்தை இருக்கை, ஹாலிவுட் படம். பிறகு ஊர் ஊராக '21' முளைத்தது. எந்த வெளிநாட்டுப் படம் வரும், அது எந்த அரங்கில் எத்தனை நாள் ஓடும் என்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பத்தின் கைக்குள் போயின. பெரிய ஹாலிவுட் படம் கிடைக்காத பழைய தனித்திரை அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஜக்கா செம்புங்குக்கும் பித்துங்குக்கும் கூட்டம் சேர்த்த அரங்குகள் அவைதாம். உள்ளூர்த் தயாரிப்பாளர் தன் படத்துக்குத் தேதி கேட்டுப் போனால், அவருக்கு ஓய்ந்த நாள்களே கிடைத்தன. சில நாளில் கூட்டம் வரவில்லை என்று சொல்லி எடுத்துவிடுவார்கள்.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 1990 வாக்கில் ஆண்டுக்கு நூறு படங்களுக்கு மேல் எடுத்த நாடு, அந்தப் பத்தாண்டு முடியும்போது பத்துப் படங்களைக்கூட எடுக்க முடியாத நிலைக்கு வந்தது. தனியார் தொலைக்காட்சியின் வருகையும், திருட்டு வீடியோவும், படங்களின் தரக்குறைவும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி யாருடையது என்றும் கேட்க வேண்டும். 1989-இல் வந்த முதல் தனியார் நிலையமான ஆர்சிடிஐ, சுஹார்த்தோவின் மகன் பம்பாங்கின் குழுமத்துடையது. 1991-இல் வந்த டிபிஐ மூத்த மகள் துத்துத்துடையது. 1995-இல் வந்த இந்தோசியார் லிம்மின் குழுமத்துடையது. திரையரங்கைச் சித்தப்பா முறைக்காரர் எடுத்துக்கொள்ள, வீட்டுத் திரையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். சண்டை நடிகர்கள் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போனார்கள். மிச்சமிருந்த தயாரிப்பாளர்கள் அரைகுறை ஆடைப் படங்களில் இறங்கினார்கள். பழைய சண்டைப் படங்கள் தனியார் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. 1990களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் பாரி பிரிமாவை அப்படித்தான் கண்டுகொண்டார்கள். டெமாங்கின் கப்பத்தை எதிர்த்து வீரன் எழும் கதையை, நாட்டையே கப்பம் கட்ட வைத்த குடும்பத்தின் அலைவரிசைகள் வீடு வீடாகக் கொண்டுபோயின.

வெளிப்படையாகப் பேசியது பாட்டுதான். இவான் ஃபால்ஸ் 1986-இலேயே அலுவலகத்து எலிகளைப் பற்றிப் பாடிவிட்டார். ஊழல்காரனுக்கு 'எலி' என்ற படிமம் கேலிச்சித்திரத்திலும் ஊர்வலத்திலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1989-இல் அவர் குழு பாடிய 'பெந்தோ', சொத்துக் கொழுத்த ஒருவன் தன் பெருமையைத் தானே பேசுவது போன்ற பாட்டு. ஆட்சியாளர் குடும்பத்தைத்தான் சொல்கிறது என்று கேட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கசெட்டை ஒருவர் தன் அறையில் தனியாகக் கேட்கலாம். படத்துக்கு அரங்கும் அனுமதியும் வேண்டும். பாட்டுக்குக் கிடைத்த இந்தச் சிறு சந்துகூடச் சினிமாவுக்குக் கிடைக்கவில்லை.

1998-இல் ஆட்சி விழுந்தபோது மாணவர்களின் வாயில் இருந்த மூன்று எழுத்து 'காகாஎன்': ஊழல், கூட்டுச்சதி, உறவினர் சலுகை ஆகிய மூன்றுக்கும் இந்தோனேசியச் சுருக்கம். அதற்குப் பிறகு நடந்தவை எந்தத் திரைக்கதையையும் மிஞ்சின. நில ஊழல் வழக்கில் சுஹார்த்தோவின் இளைய மகன் டொமிக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்த உச்ச நீதிமன்ற நீதிபதி சியாஃபியுதீன் கர்தாசஸ்மிதா, 2001 ஜூலை 26 அன்று ஜகார்த்தாத் தெருவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை ஏவிய குற்றத்துக்காக டொமிக்குப் பதினைந்து ஆண்டு தண்டனை கிடைத்தது. 2006-இலேயே வெளியே வந்துவிட்டார். வெட்டுண்ட தலை மண்ணைத் தொட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும் மந்திரத்தைப் பற்றி மேலே சொன்னபோது என் மனதில் இருந்தது இந்த வழக்குதான்.

2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழல் ஒழிப்பு ஆணையம், சுருக்கமாகக் கேபிகே, அரசியல்வாதிகளைக் கையும் களவுமாகப் பிடித்துத் தொலைக்காட்சியில் நிறுத்தத் தொடங்கியதும், மக்கள் அதைப் பழைய நாயகனின் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2009-இல் போலீஸ் உயரதிகாரி ஒருவர், முதலையோடு மோதத் துணிந்த பல்லி என்று கேபிகேயை ஒப்பிட்டார். அவ்வளவுதான், நாடே பல்லி ஆனது. கைதான கேபிகே ஆணையர்கள் இருவருக்கு ஆதரவாக ஃபேஸ்புக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களைச் சிக்கவைக்க நடந்த சதியின் தொலைபேசிப் பதிவுகள் அரசியல் சாசன நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் ஒலிக்க, மக்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த ஆண்டு, கணக்கில் 2,000 கோடி ரூபியாவுக்கு மேல் வைத்திருந்த கீழ்நிலை வரி அலுவலர் காயுஸ் தம்புனான், காவலில் இருக்க வேண்டிய நேரத்தில், பொய்முடி வைத்துக்கொண்டு பாலியில் டென்னிஸ் பார்க்கும்போது பத்திரிகைப் புகைப்படத்தில் சிக்கினார். முன்னாள் கைதி ஒருவர் 'நான் காயுஸாக இருந்தால்' என்று பாடிய பாட்டு இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது.

ஆனால் பித்துங்கின் கதையே திரும்ப நடந்ததையும் சொல்ல வேண்டும். கேபிகேயின் புலனாய்வாளர் நோவெல் பஸ்வெடான் 2017 ஏப்ரல் 11 அன்று விடியற்காலைத் தொழுகை முடித்து வீடு திரும்பும்போது முகத்தில் அமிலம் வீசப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். குற்றவாளிகள் என்று மூன்று ஆண்டு கழித்துத் தண்டிக்கப்பட்டவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆணையத்தின் தனித்தன்மையைக் குறைத்தபோது, 'சீர்திருத்தமே கொள்ளை போனது' என்ற முழக்கத்தோடு மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

சினிமாவும் மாறியிருக்கிறது. 2011-இல் வந்து உலகம் முழுக்க ஓடிய 'தி ரெய்டு', போதைக் கும்பல் தலைவனின் அடுக்குமாடியில் சிக்கிய போலீஸ் படையைப் பற்றியது. இயக்குநர் வேல்ஸ் நாட்டுக்காரர், சண்டை சுத்தமான சிலாட். அந்தப் படையை வழிநடத்தும் அதிகாரியே அழுக்குக் கை உடையவன். தணிக்கை வாரியத்தின் பழைய காலமாயிருந்தால் இந்தத் திரைக்கதை முதல் மேசையைத் தாண்டியிருக்காது. 2019-இல் ஜோக்கோ அன்வார் எடுத்த 'குண்டாலா', 1969-ஆம் ஆண்டுச் சித்திரக்கதை நாயகனை இன்றைய நகரத்துக்குக் கொண்டுவந்து, விலைபோன நாடாளுமன்ற உறுப்பினர்களை வில்லனின் பின்னால் வெளிப்படையாகவே நிறுத்தியது. வேடம் கலைந்துவிட்டது என்று மகிழ்கிறேன். ஆயினும் ஒரு குறை எனக்கு நெருடுகிறது. பழைய படமும் புதிய படமும் அநியாயத்துக்கு ஓர் உடம்பைக் கொடுத்து, அந்த உடம்பை அடித்து வீழ்த்துவதோடு கதையை முடித்துக்கொள்கின்றன.

நடைமுறையில் ஊழலுக்கு அப்படி ஓர் உடம்பு இல்லை. 'சலாம் தெம்பெல்' என்று ஒன்று உண்டு, ஒட்டிக்கொள்ளும் கைகுலுக்கல் என்று சொல்லலாம். பணத்தாளை நாலாக எட்டாக மடித்து உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்தி வைத்துக்கொண்டு அலுவலரிடம் கைநீட்டுவார்கள். கை வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாகப் பற்றியிருக்கும். கண்கள் அந்தப் பக்கம் போகாது. பேச்சு குடும்ப நலத்தைப் பற்றியே இருக்கும். பிரிந்த கை மூடியபடியே சட்டைப்பைக்குள் போகும், கோப்பு மேலே வரும். இந்தக் காட்சியில் கோலோக் எடுத்து யாரை வெட்டுவது? கொடுத்தவனும் அங்கேதான் நிற்கிறான்; மாலையில் பாயை எடுத்துக்கொண்டு ஊர்த் திடலுக்குப் போகிறவனும் அவனேதான்.

பார்க்க விரும்புகிறவர்கள் 1970-ஆம் ஆண்டுச் 'சி பித்துங்'கில் தொடங்கி, 1981-இன் 'ஜக்கா செம்புங்'குக்கு வந்து, இடையில் 'சி மமத்'தையும் பார்த்துவிட்டுப் பிறகு 'தி ரெய்டு'க்குப் போகலாம். சண்டைக் காட்சிகளுக்கு முன்னால் வரும் வசூல் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஜகார்த்தா போகிறவர்கள் வடக்கே கடலோரத்தில் மருண்டா வரை போனால், மரத்தூண்கள்மேல் நிற்கும் சிவப்பு நிற வீடு ஒன்றைப் பார்க்கலாம். அரசு பாதுகாக்கும் அந்த நினைவிடத்துக்குப் 'பித்துங்கின் வீடு' என்று பெயர். அது பித்துங்கின் வீடு இல்லை, அவன் ஒருமுறை கொள்ளையடித்ததாகச் சொல்லப்படும் பணக்கார மீன் வியாபாரியின் வீடு என்று அங்கேயே சொல்வார்கள்.